கால்கள் தரும் மின்சாரம்: கூட்டாகப் பெடல் மிதித்து நிகழ்ச்சி நடத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்துப் பேர் சைக்கிளில் ஏறி மிதிக்கிறார்கள். சைக்கிள் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஸ்டாண்டில் நிற்கும் அதன் பின்சக்கரம் ஓர் உருளையைச் சுழற்ற, உருளையோடு இணைந்த மோட்டார் மின்சாரம் தருகிறது. மேடையில் பாட்டு ஒலிக்கிறது. இதைப் பார்க்கிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும், ஏற்பாடு செய்ய வருகிறவர்கள் கேட்க மறந்துவிடும் சில கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒருவர் மிதித்தால் எவ்வளவு மின்சாரம் கிடைக்கும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பதிலைக் கேட்டதும் எல்லோர் முகமும் சற்று வாடும். உடல்நலமுள்ள, பயிற்சி எதுவும் இல்லாத ஒருவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே அரை மணி நேரம் மிதித்தால் அவருடைய கால்கள் 50 முதல் 100 வாட் வரை தரும். நாள்தோறும் சைக்கிள் ஓட்டிப் பழகியவர் 150 வாட் தருவார். போட்டி வீரர்கள் ஒரு மணி நேரத்துக்கு 300 வாட்டையும் தாண்டுவார்கள். ஆனால் உங்கள் நிகழ்ச்சிக்கு அவர்கள் வரப்போவதில்லை.

இது காலில் பிறக்கும் கணக்கு மட்டுமே. டயர் உருளையில் உரசும்போது கொஞ்சம் போகும், மோட்டார் சூடாவதில் கொஞ்சம் போகும், ஒயரில் கொஞ்சம், டையோடில் கொஞ்சம். மிச்சமாகி வருவது காலின் உழைப்பில் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே திட்டமிடும்போது ஆளுக்கு 50 வாட் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வந்தால் லாபம். 100 என்று எழுதி வைத்துக்கொண்டு மேடை ஏறியவர்களின் பாட்டு பாதியில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒரு சைக்கிள் வீரர் 1,000 வாட்டுக்கு மேல் தந்தார் என்று படித்தோமே?

படித்தது உண்மைதான். சில நொடிகளுக்கு யாராலும் சில நூறு வாட் தர முடியும். சைக்கிள் பந்தயத் தடத்தில் விரையும் வீரர்கள் ஓராயிரத்தையும் தாண்டுவார்கள். ஆனால் நொடிக்கணக்கு வேறு, மணிக்கணக்கு வேறு. ஜெர்மனியின் ராபர்ட் ஃபர்ஸ்டமான் என்ற வீரர், தொடைகளின் பருமனுக்கே பெயர்பெற்றவர், 2015இல் வெளியான ஒரு காணொளியில் 700 வாட் டோஸ்டரைப் பெடல் மிதித்து இயக்கினார். ஒரே ஒரு ரொட்டித் துண்டு சிவந்தது. இறங்கியவர் தரையில் சரிந்துவிட்டார். உலகின் மிக வலிமையான கால்கள் அவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, உங்கள் நிகழ்ச்சியில் மின்னடுப்பு வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்.

அதே நேரத்தில், சிறிய ஆற்றலை நீண்ட நேரம் தருவதில் மனிதக் கால் லேசுப்பட்டதல்ல. 1979இல் பிரையன் ஆலன் என்பவர் பெடல் மிதித்தே ஒரு விமானத்தைப் பறக்கவிட்டு, 2 மணி 49 நிமிடத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். எடை மிகக் குறைந்த விமானம், பெரிய இறக்கைகள். எஞ்சின் என்று இருந்தது அவர் ஒருவர்தான். நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களுக்கு இந்தக் கதையை நான் விடாமல் சொல்வேன். அவர்கள் காலைப் பெரிதாக்கவில்லை, விமானத்தின் தேவையைச் சிறிதாக்கினார்கள்.

எங்கள் நிகழ்ச்சிக்கு எத்தனை சைக்கிள் வேண்டும்?

கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். உங்கள் கருவிகள் எத்தனை வாட் கேட்கின்றன?

ஒரு சிறிய கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். பாட்டுக்கும் பேச்சுக்கும் ஆம்ப்ளிஃபயர், சராசரியாக 60 வாட். மைக்குகளை இணைக்கும் மிக்சர் 20 வாட். 9 வாட் எல்இடி பல்புகள் நான்கு, 36 வாட். கூட்டினால் 116. ஆளுக்கு 50 வாட் என்றால் மூன்று சைக்கிள் போதும் என்று தோன்றும். ஐந்து வையுங்கள். ஒருவர் இறங்கி இன்னொருவர் ஏறுகிற அரை நிமிடம், செயின் கழன்று விழுகிற நேரம், நண்பர்களோடு பேச்சு சூடுபிடித்ததில் கால் மெதுவாகிப்போகிற நேரம் எல்லாவற்றுக்கும் அந்த உபரி இரண்டு வேண்டும்.

ஆள் கணக்கு தனி. ஒருவர் பத்து நிமிடம் மிதித்தால் போதும் என்று வைப்போம். இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்குச் சைக்கிளுக்குப் பன்னிரண்டு முறை மாற்றம். ஐந்து சைக்கிளுக்கு அறுபது முறை. ஆளுக்கு இரண்டு முறை ஏறினால் முப்பது பேர். நூறு பேர் வரும் நிகழ்ச்சியில் முப்பது பேரைக் கண்டுபிடிப்பது பெரிய பாடில்லை. நாற்பது பேர் மட்டுமே வரும் நிகழ்ச்சியில் முப்பது பேரை மிதிக்க வைத்தால், கேட்க யார் மிஞ்சுவார்கள் என்று யோசியுங்கள்.

எந்தக் கருவிகளை ஓட்டலாம், எவற்றைத் தொடவே கூடாது?

ஒலி, ஒளி, திரை, கைப்பேசி. இந்த நான்கும் காலுக்கு ஏற்றவை. சூடாக்குவதும் குளிரவைப்பதும் ஏற்றவையல்ல. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 87 வாட்-மணி ஆற்றல் வேண்டும். ஆளுக்கு 50 வாட் என்ற நம் கணக்கில், ஒருவர் ஒன்றே முக்கால் மணி நேரம் மிதிக்க வேண்டும், அதுவும் வெப்பம் சிறிதும் வெளியே போகாது என்றால். அதே ஆற்றலில் ஐந்து கைப்பேசிகளாவது முழுதாகச் சார்ஜ் ஆகும். 9 வாட் பல்பு ஒன்று ஒன்பது மணி நேரத்துக்கு மேல் எரியும்.

திரைப்படம் காட்டலாமா என்றால், காட்டலாம். எல்இடி விளக்குள்ள சிறு புரொஜெக்டர்கள் 100 வாட்டுக்குள் அடங்கும். பழைய பெரிய விளக்குப் புரொஜெக்டர்கள் 300 வாட்டைத் தொடும், அதோடு ஒரு சிக்கலும் உண்டு. மின்சாரம் திடீரென்று நின்றால் உள்ளேயிருக்கும் விசிறியும் நின்று, சூடான விளக்கு கெட்டுப்போகலாம். அப்படிப்பட்டதைப் பெடலில் நேரடியாக மாட்டாதீர்கள்.

ஒலிபெருக்கியில் 500 வாட் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் பத்துப் பேர் வேண்டுமா?

வேண்டாம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். அது ஒலிபெருக்கி தாங்கக்கூடிய உச்ச அளவு. பாட்டில் மத்தளம் விழும் கணத்தில் மட்டும் உச்சம் எழும். மற்ற நேரமெல்லாம் அதில் பத்தில் ஒரு பங்குதான் செலவாகும், சில வேளை அதைவிடவும் குறைவு. பேச்சுக்கு இன்னும் குறைவு.

இங்கே இரண்டு தேர்வுகள் பல சைக்கிள்களுக்குச் சமம். முதலாவது, ஆம்ப்ளிஃபயர் 'டி' வகையைச் சேர்ந்ததாக இருக்கட்டும். பழைய வகைகள் வாங்கும் மின்சாரத்தில் பாதியையோ அதற்கு மேலோ வெப்பமாக்கிவிடும். 'டி' வகை முழு அளவில் ஒலிக்கும்போது 85 முதல் 90 விழுக்காட்டை ஒலிபெருக்கிக்கு அனுப்பும்.

இரண்டாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் உணர்திறன் என்று ஓர் எண் உண்டு: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபெல் சத்தம் வரும் என்பது. வீட்டு அலமாரியில் வைக்கும் பெட்டிக்கு அது 86 அல்லது 88ஆக இருக்கும். மேடைக்கான நல்ல பெட்டிக்கு 98. பத்து டெசிபெல் வித்தியாசம் என்றால் பத்து மடங்கு ஆற்றல். அதாவது ஒரே சத்தத்துக்கு முதல் பெட்டிக்குப் பத்துப் பேர் மிதிக்க வேண்டிய இடத்தில் இரண்டாவது பெட்டிக்கு ஒருவர் போதும். சைக்கிள் தேடி அலைவதற்கு முன் நல்ல ஒலிபெருக்கியைத் தேடி அலையுங்கள்.

எந்த மோட்டாரை மின்னாக்கியாகப் பயன்படுத்துவது?

நிலைகாந்தம் உள்ள நேர்திசை மோட்டார் எதுவும் திருப்பிச் சுற்றினால் மின்சாரம் தரும். மின்ஸ்கூட்டர்களிலிருந்து கழற்றிய 24 வோல்ட் மோட்டார்கள் எளிதில் அமைந்துவிடும். பார்க்க வேண்டியது அதன் வேகம்தான். ஒருவர் நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்று மிதிப்பார். முன்பல் 44, பின்பல் 16 என்றால் பின்சக்கரம் ஏறத்தாழ 190 சுற்று சுற்றும். 68 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் 8 செ.மீ. உருளையைத் தேய்த்துச் சுழற்றினால் மோட்டார் 1,600 சுற்றை எட்டும். உங்கள் மோட்டார் 24 வோல்ட்டில் 2,600 சுற்றுக்கானது என்றால், 1,600இல் 14, 15 வோல்ட் வரும்; கருவிகளின் சுமை ஏறியதும் அது 12, 13க்கு இறங்கும். 12 வோல்ட் அமைப்புக்கு அது சரியாக இருக்கும். 3 செ.மீ. உருளை போட்டுவிட்டு, "மிதிக்கவே முடியவில்லை, மோட்டார் கத்துகிறது" என்று வருகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடாதவர்கள்.

சக்கரத்தின் நடுவிலேயே அமையும் ஹப் மோட்டார் இன்னும் நல்லது. டயர் உரசல் இழப்பே கிடையாது. அதிலிருந்து வருவது மும்முனை மாறுதிசை மின்சாரம் என்பதால் அதை நேர்திசையாக்கும் ரெக்டிஃபயர் ஒன்று வேண்டும். ஓர் எச்சரிக்கை: உள்ளே பல்சக்கரம் வைத்த சிறிய ஹப் மோட்டார்களில் ஒருவழிப் பிடி இருக்கும். முன்னோக்கி எவ்வளவு மிதித்தாலும் மோட்டார் சும்மா கிடக்கும். கையால் சக்கரத்தை முன்னும் பின்னும் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடினால் இந்த வேலைக்கு ஆகாது.

கார் ஆல்டர்னேட்டர் சும்மா கிடக்கிறது, அது உதவுமா?

தூக்கி வைத்துவிடுங்கள். அதில் நிலைகாந்தம் கிடையாது. காந்தத்தை உண்டாக்கவே பல பத்து வாட் தின்னும். அதாவது முதல் ஆளின் உழைப்பு அதற்கே காணிக்கை. போதாததற்கு மிக வேகமாகச் சுழல வேண்டும், மின்சாரமாக மாற்றும் திறனும் குறைவு. எஞ்சினுக்காகப் பிறந்தது அது.

சைக்கிளில் விளக்குக்காக வரும் டைனமோ?

அது 6 வோல்ட், 3 வாட். அந்த ஒரு விளக்குக்கு மட்டும் போதும்.

ஐந்து சைக்கிளின் மின்சாரத்தையும் எப்படி ஒன்று சேர்ப்பது?

பக்க இணைப்பாக, ஒவ்வொரு சைக்கிளுக்கும் தனித்தனி டையோடு வைத்து. டையோடு மின்சாரத்துக்கான ஒருவழிக் கதவு. அது இல்லாவிட்டால் வேடிக்கை நடக்கும்: நான்கு பேர் மிதிக்க, ஐந்தாவது சைக்கிளிலிருந்து ஆள் இறங்கிய மறுநொடி அதன் சக்கரம் தானாகவே சுற்றத் தொடங்கும். மோட்டார் மறுபடி மோட்டாராகிவிட்டது! முதல் முறை நாங்கள் இதைப் பார்த்துச் சிரித்தோம். பிறகுதான், அந்தச் சக்கரத்தில் ஒரு குழந்தையின் விரல் இருந்திருந்தால் என்று தோன்றியது. ஷாட்கி வகை டையோடு போடுங்கள். சாதாரண சிலிக்கான் டையோடில் 0.7 வோல்ட் போகும், இதில் 0.3 முதல் 0.5 தான். 12 வோல்ட்டில் அந்த வித்தியாசமும் கணக்கில் சேரும்.

டையோடு வைத்தபின் இன்னொன்று நடக்கும், அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எல்லாம் ஒரே வோல்ட்டில் இணைந்திருப்பதால், மெதுவாக மிதிக்கிறவரின் மோட்டார் அந்த வோல்ட்டை எட்டாது, கதவு திறக்காது, அவர் பங்கு சுழி. அவருக்குப் பெடல் பஞ்சுபோல லேசாக இருக்கும், "நன்றாகத்தானே மிதிக்கிறேன்" என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தை வெறுமே பிடித்துக்கொண்டு வருகிறவர் நிலைமை. குற்றம் அவருடையதல்ல, கியருடையது. ஒரு கியரைக் கூட்டினால் சக்கரம் வேகமாகும், பெடல் கனக்கும், மின்சாரம் பாயும். ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு சிறு ஆம்பியர் மீட்டர் வைத்தால் அவரவர் பங்கை அவரவரே பார்த்துக்கொள்வார்.

ஒயரில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது?

12 வோல்ட்டில் ஒயர்தான் விஷயமே. ஐந்து சைக்கிளிலிருந்து 250 வாட் வருகிறது என்றால் பொது ஒயரில் 21 ஆம்பியர் ஓடும். மேடை பத்து மீட்டர் தள்ளி இருக்கிறது, 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போட்டிருக்கிறீர்கள் என்று வைப்போம். போக வர இருபது மீட்டர். அதன் மின்தடை ஏறத்தாழ 0.14 ஓம். ஒயரிலேயே 60 வாட் வெப்பமாகப் போய்விடும். ஐந்து பேரில் ஒருவர் முழுக்க முழுக்க ஒயரைச் சூடாக்கவே மிதித்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

அதே ஒயரில் 24 வோல்ட்டில் அனுப்பினால் ஓடும் ஆம்பியர் பாதியாகும், இழப்பு நாலில் ஒன்றாகும்: 15 வாட். அல்லது தடித்த ஒயர் போடலாம். அல்லது, இதுதான் எனக்குப் பிடித்த வழி, சைக்கிள்களை மேடைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தலாம். மிதிக்கிறவர்களைப் பார்வையாளர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகவும்தான்.

பேட்டரி வைக்கலாமா? அது ஏமாற்று அல்லவா?

இதில் எங்கள் குழுவுக்குள்ளேயே இரண்டு கட்சி. என் கட்சியைச் சொல்கிறேன்.

இரவே சார்ஜ் ஏற்றிய பெரிய பேட்டரியை மேடைக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, மேலே பத்துப் பேரை மிதிக்க வைத்தால் அது நாடகம். யார் இறங்கினாலும் பாட்டு நிற்காது. மிதிக்கிறவருக்கும் அது ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். கால் தானாகத் தளரும். மாறாக, கொஞ்சம் மின்சாரத்தை மட்டும் சிறிது நேரம் தேக்கித் தரும் சூப்பர் கெப்பாசிட்டர் வைத்தால் நடப்பது வேறு. 2.7 வோல்ட், 350 ஃபாரட் கெப்பாசிட்டர்கள் ஆறைத் தொடராக இணைத்தால் 16 வோல்ட் தாங்கும் ஒரு தொகுப்பு கிடைக்கும். அது 16 வோல்ட்டிலிருந்து 11 வோல்ட்டுக்கு இறங்குவதற்குள் தரும் ஆற்றல் ஏறத்தாழ 3,900 ஜூல். 100 வாட் சுமைக்கு அது 39 நொடி. ஆள் மாறுவதற்கு அது போதும், சோம்பேறித்தனத்துக்குப் போதாது. அந்த 39 நொடிதான் கூட்டத்தின் நாடித்துடிப்பு என்பேன். ஆறு கெப்பாசிட்டரிலும் வோல்ட் சமமாகப் பிரிகிறதா என்று பார்க்கும் சமன் சுற்று இல்லாமல் வாங்காதீர்கள்.

பேட்டரிக்கும் இடம் உண்டு. அவசர விளக்கு, பேச்சாளரின் மைக், முன்பு சொன்ன புரொஜெக்டர் ஆகியவை திடீரென்று நிற்கக் கூடாதவை. அவற்றுக்குச் சிறு பேட்டரி வையுங்கள், வைத்திருக்கிறோம் என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிடுங்கள். பெரிய இசைநிகழ்ச்சிகளில் இது வெளிப்படையாகவே நடக்கிறது: கோல்ட்பிளே இசைக்குழு 2022இல் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் ரசிகர்கள் மிதிக்கும் சைக்கிள்களை அரங்கில் வைத்து, அந்த மின்சாரத்தைப் பேட்டரியில் சேர்த்தது.

கனமான சுழல்சக்கரம் மாட்டினால் கெப்பாசிட்டர் வேண்டாமே?

கணக்குப் பாருங்கள். பத்துக் கிலோ எடை முழுவதும் விளிம்பில் இருக்கும், 30 செ.மீ. ஆரமுள்ள சக்கரம், நிமிடத்துக்கு 300 சுற்றில் 450 ஜூலுக்குச் சற்றுக் குறைவாகத்தான் சேமிக்கும். 100 வாட்டுக்கு நாலரை நொடிகூட வராது. ஆனால் வேறொரு நன்மை உண்டு. பெடல் உச்சிக்கும் அடிக்கும் வரும் இடங்களில் கால் அழுத்த முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை விசை விழும். சுழல்சக்கரம் அந்தக் குழியை நிரப்பி மிதிப்பதைச் சுகமாக்கும். முழங்காலுக்கு நல்லது.

எல்லோரும் உற்சாகமாக வேகமாக மிதித்துவிட்டால்?

குறைவாக மிதிப்பதைவிட இதுதான் ஆபத்து. பாடகர் தண்ணீர் குடிக்க நிற்கிறார், சுமை ஏறத்தாழ இல்லை. ஐந்து பேரும் போட்டி போட்டு மிதிக்கிறார்கள். வோல்ட் ஏறிக்கொண்டே போகும். ஆம்ப்ளிஃபயர் கருகலாம், கெப்பாசிட்டர் தாங்கும் எல்லையைக் கடக்கலாம். ஆகவே வோல்ட் 14.5ஐத் தாண்டியதும் தானாகச் சேர்ந்து மிஞ்சிய மின்சாரத்தை உறிஞ்சும் ஒரு வடிகால் சுமை வேண்டும். மின்தடைக் கம்பியை வைப்பார்கள். நாங்கள் ஒரு பெரிய பல்பு வரிசையை வைப்போம். அதிகமாக மிதித்தால் மேடைக்குப் பின்னால் வெளிச்சம் பொங்கும். ஆபத்தைத் தடுப்பதற்கு வைத்தது, ஆட்டத்தின் சிறந்த பகுதியாகிவிட்டது. அதற்கும் மேலாக, 15.5 வோல்ட்டில் சைக்கிள்களையே துண்டித்துவிடும் ஒரு ரிலே இருக்கட்டும். ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஃபியூஸ், கெப்பாசிட்டருக்கு ஒட்டியபடி ஒரு பெரிய ஃபியூஸ். கெப்பாசிட்டரின் இரு முனையிலும் ஒரு ஸ்பேனர் விழுந்தால் வெல்டிங் பட்டறைதான்.

12 வோல்ட்டில் ஷாக் அடிக்காதே, பிறகு என்ன பயம்?

12 வோல்ட் தொட்டால் அடிக்காது. ஆனால் தீ வைக்கும். இன்வெர்ட்டர் மாட்டிய பக்கத்தில் 230 வோல்ட் இருக்கிறது, அது சுவர்ப் பிளக்கில் இருப்பதைப் போலவே கொல்லும். பெடலிலிருந்து வந்ததால் அது சாதுவாகிவிடாது. முடிந்தவரை 12 வோல்ட்டிலேயே ஓடும் ஆம்ப்ளிஃபயரையும் பல்புகளையும் தேர்ந்தெடுங்கள். இன்வெர்ட்டரில் போகும் பத்து, பதினைந்து விழுக்காடும் மிஞ்சும். இன்வெர்ட்டர் தேவைப்பட்டால் அந்தப் பக்க வேலையை மின்பணி தெரிந்தவரிடம் விடுங்கள்.

மற்றபடி அதிகம் காயம்படுவது மின்சாரத்தால் அல்ல, சக்கரத்தால்தான். உருளையையும் கம்பிகளையும் வலையால் மூடுங்கள். தொங்கும் துணி, அவிழ்ந்த கூந்தல், வார் கட்டாத செருப்பு மூன்றையும் ஏறுமுன் பார்க்க ஒருவர் நிற்க வேண்டும். ஸ்டாண்டு ஆடக் கூடாது. சரிவான தரையில் வைக்கவே கூடாது.

மழை?

நிறுத்திவிடுங்கள். நனைந்த டயர் உருளையில் வழுக்கும், எப்படியும் மின்சாரம் வராது.

குழந்தைகளை ஏற்றலாமா?

ஏற்றாவிட்டால் விட மாட்டார்கள். ஆனால் பெரியவர்களின் பொது இணைப்பில் அவர்களைச் சேர்க்காதீர்கள். முன்பு சொன்னபடி கதவு திறக்காமல் ஏமாந்துபோவார்கள். சிறிய சைக்கிள் ஒன்றை வைத்து, அதற்கென்று தனியாகப் பத்துச் சிறு பல்புகளைக் கம்பத்தில் அடுக்கிவிடுங்கள். வேகம் கூடக் கூட ஒவ்வொன்றாக எரியட்டும். நிகழ்ச்சியிலேயே நீளமான வரிசை அங்கேதான் நிற்கும்.

மிதிக்கிறவர்களைச் சோர்வடையாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

சீட் உயரம். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். திருகாமல் கையால் தளர்த்தும் பிடி உள்ள சீட்டாக இருந்தால் ஆளுக்கு ஆள் மாற்றப் பத்து நொடி. இதைச் செய்யாத இடத்தில் உயரமானவர்கள் இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடுவார்கள்.

அடுத்தது காற்று. நகரும் சைக்கிளில் முகத்தில் காற்றடிக்கும். நிற்கும் சைக்கிளில் அடிக்காது. உடல் செலவழிக்கும் ஆற்றலில் கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது, முக்கால் பங்கு வெப்பம். 75 வாட் மிதிக்கிறவர் 225 வாட்டுக்கு மேல் சூட்டைக் கக்குகிறார். ஐந்து பேரை மூடிய அறையில் மிதிக்க விட்டால் அறைக்குள் ஹீட்டர் போட்ட மாதிரிதான். திறந்த வெளி, நிழல், தண்ணீர். இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம் என்று பலகையில் எழுதி வைப்பதோடு வாயாலும் சொல்லுங்கள்.

மூன்றாவது, எல்லோருக்கும் தெரியும்படி ஒரு பெரிய வோல்ட் காட்டி. எண் வேண்டாம், நிறம் போதும்: பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் கொஞ்சம் கூட்டுங்கள், சிவப்பு என்றால் ஆள் வேண்டும். மேடையில் பேசுகிறவர் கூப்பிட வேண்டியதே இல்லை. சிவப்பைப் பார்த்ததும் கூட்டத்திலிருந்து யாராவது ஓடிவருவார்கள்.

அப்படியும் மின்சாரம் குறைந்தால் என்ன நடக்கும்?

முதலில் தாழ்ந்த ஒலிகள் மெலியும், பிறகு ஒலி கரகரக்கும், பிறகு ஆம்ப்ளிஃபயர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். திரும்ப எழ சில நொடி ஆகும். கரகரப்பு கேட்டதும் மிக்சரில் இருப்பவர் ஒலியைக் குறைக்க வேண்டும். மூன்று டெசிபெல் குறைத்தால் தேவை பாதியாகும், கேட்பவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது. இந்த ஒரு வித்தை தெரிந்த ஒலிப்பதிவாளர் இரண்டு சைக்கிளுக்குச் சமம்.

இதனால் மின்சாரம் மிச்சமா? சுற்றுச்சூழலுக்கு நல்லதா?

நேர்மையாகச் சொன்னால், இல்லை. ஒரு யூனிட் மின்சாரம் என்பது 1,000 வாட்-மணி. ஆளுக்கு 50 வாட் என்றால் இருபது பேர் ஒரு மணி நேரம் மிதிக்க வேண்டும். அதற்கு அவர்கள் உடல்கள் எரிக்கும் உணவு ஏறத்தாழ 5,200 கிலோ கலோரி. ஒருவருக்கு இரண்டு நாளுக்கு மேல் வரும் சாப்பாடு. அந்த உணவை விளைவித்துக் கொண்டுவந்து சமைக்க ஆன எரிபொருளைச் சேர்த்தால், சூரியத் தகடு ஒன்று வெயிலில் சும்மா கிடந்து தருவதற்கு முன் நாம் நிற்க முடியாது.

பிறகு ஏன் செய்கிறோம்? சுவரில் சுவிட்சைத் தட்டுகிறவருக்கு 9 வாட்டும் 2,000 வாட்டும் ஒன்றுதான். விரலுக்கு இரண்டும் ஒரே எடை. காலுக்கு அப்படியில்லை. நாங்கள் ஒரு சைக்கிளில் பழைய 60 வாட் குண்டு பல்பையும் 9 வாட் எல்இடியையும் மாற்றி மாற்றிப் போடும் சுவிட்ச் வைத்திருக்கிறோம். வெளிச்சம் ஏறத்தாழ ஒன்றே. குண்டு பல்புக்கு மாற்றியதும் மிதிக்கிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மின்கம்பி எட்டாத இடத்தில் காலுக்கு வேறு மதிப்பு உண்டு. 1920களின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் ஆல்ஃபிரட் டிரேகர், தொலைதூரக் குடியிருப்புகளுக்காகப் பெடலால் இயங்கும் இருவழி வானொலிக் கருவியை உருவாக்கினார். ஏறத்தாழ 20 வாட்தான். விமானத்தில் பறந்துவரும் மருத்துவரைக் கூப்பிட அந்த 20 வாட் போதுமாக இருந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் செய்ய வேண்டியது?

சைக்கிள்களைக் கழற்றுவதற்கு முன் கெப்பாசிட்டரைக் காலி செய்ய வேண்டும். ஒரு 12 வோல்ட் ஹெட்லைட் பல்பை அதன் குறுக்கே மாட்டுங்கள். சில நிமிடத்தில் மங்கி மங்கி அணையும். அணைந்ததும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், ஒரு வோல்ட்டுக்குக் கீழே வந்திருக்க வேண்டும். பிறகு இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தே பெட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் கிடக்கக் கிடக்கத் தானாகக் கொஞ்சம் வோல்ட் ஏறிக்கொள்ளும். அடுத்த முறை சைக்கிள்களை மாட்டுவதற்கு முன் அந்த ஒயரை எடுக்க மறக்காதீர்கள். நாங்கள் மறந்த ஒரு நாளில் ஐந்து பேர் கால் மணி நேரம் மிதித்தும் ஒரு பல்பும் எரியவில்லை. பெடல் ஏன் பாறைபோலக் கனக்கிறது என்று யாரும் கேட்கவும் இல்லை.